மோரிக்கரை இங்கிலீஷ் வகுப்பு

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வகுப்புக்கு வந்து உட்கார்ந்தபோதே கோமளத்தின் முகம் கடுகடுவென்று இருந்தது. பெங்களூர் நீலசந்திராவில் மகளிர் சங்கத்து மாடி அறையில் பாயை விரித்துப் பதினான்கு பெண்கள் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டிருந்தார்கள். வீட்டு வேலை, கார்மெண்ட்ஸ் தையல், ஆபீஸ் துப்புரவு என்று உழைக்கிறவர்கள். கோமளம் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆறு வருஷமாகத் தரை துடைக்கிறாள். மறுநாள் அவளுக்குச் சூபர்வைசர் வேலைக்கு இண்டர்வியூ. இங்கிலீஷில் பேசினால்தான் வேலை. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அது. இங்கிலீஷ் தெரிந்தவருக்கு நாற்காலி, தெரியாதவருக்குத் துடைப்பம் என்று பெங்களூர் பிரிந்து கிடந்த காலம்.

சொல்லிக்கொடுக்கிற சிந்துவோ அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். கோயம்புத்தூரிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தவள், லீவு நாளில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த வகுப்பை எடுக்கிறாள். பாடப்புத்தகத்தைத் தொடுவதே இல்லை. போன வாரம் வடதுருவத்தில் பனி உருகுகிற சேதி, அதற்கு முந்தின வாரம் காடு எரிகிற சேதி. ஒரு படத்தைக் காட்டி, இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், இங்கிலீஷில் சொல்லுங்கள் என்பாள். இந்த வாரம் குப்பை.

கோமளத்துக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ், நாளைக்கு எனுக்கு இண்டர்வியூ. நாலு வரி மனப்பாடம் பண்ணக் குடுப்பீங்கன்னு பாத்தா, கச்சடாவைப் பத்தி சும்மா பேசிக்கினு கீறீங்களே! ஆபீஸ்லயும் கச்சடா, இங்கயும் கச்சடாவா?"

"மனப்பாடம் பண்ணா பாதியில மறந்து போயிருமுங்க்கா," என்று சிரித்தாள் சிந்து. "சொல்லியே ஆகணும்னு மனசுல ஒண்ணு இருந்தா வார்த்தை தானா வருமுங்க."

நன்றாகச் சொன்னாய் போ என்று மனசுக்குள் முனகியபடி கோமளம் சார்ட் பேப்பரை இழுத்துக்கொண்டாள். அவளுக்குக் கையெழுத்து அழகு. 'கீப் அவர் சிட்டி க்ளீன்' என்று பச்சை ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்தில் எழுதி ஜன்னலோரச் சுவரில் ஒட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

டீ வந்தது. கூடவே பிளாஸ்டிக் கவரில் சூடாக மிளகாய் பஜ்ஜி. கோமளம் எல்லாருக்கும் பங்கு வைத்துக் கொடுத்தாள். காலி கவரைச் சுருட்டினாள். தான் ஒட்டின சார்ட்டுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் வழியாகக் கீழே விட்டெறிந்தாள். கீழே ஓடுவது பெரிய சாக்கடைக் கால்வாய். அந்தப் பக்கத்து ஜனங்கள் அதை மோரி என்பார்கள். கைப் பழக்கம், வேறொன்றுமில்லை. தினமும் விடிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும்போது வீட்டுக் குப்பையையும் இதே மோரியில்தான் போடுவாள். குப்பைத் தள்ளுவண்டி விசில் ஊதிக்கொண்டு வருவது எட்டு மணிக்கு. அதுவரை யார் காத்திருப்பது?

சிந்து பார்த்துவிட்டாள். திட்டவில்லை. அந்தக் கவர் எங்கே போயிற்று என்று மெதுவாக இங்கிலீஷில் கேட்டாள்.

கேள்வி புரிந்துவிட்ட சந்தோஷத்தில் கோமளம் எழுந்து நின்று, "இட் வென்ட் அவுட்சைட், மிஸ்!" என்று கணீரென்று சொன்னாள். மறுபடியும் கைதட்டல்.

"வெரி குட். அண்ட் தென்?"

கோமளம் விழித்தாள். அப்புறம் என்ன அப்புறம்? வெளியே போயிற்று, தொலைந்தது.

கடைசி வரிசையில் வனஜா எழுந்தாள். கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிறவள். மூன்று மாதமாக வகுப்புக்கு வந்தும் ஒருநாள்கூட வாயைத் திறந்ததில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே தலையைக் குனிந்துகொள்வாள்.

"தென் இட் கம்ஸ் டு மை ஹவுஸ், மிஸ்," என்றாள். தலையைக் குனியாமல் தொடர்ந்தாள். "ரெய்ன் டைம், மோரி ஃபுல். கவர், கவர், ஆல் கவர். வாட்டர் கம்ஸ் இன்சைட். ரைஸ் வெட். மை டாட்டர் புக்ஸ், ஆல் வெட். வீ ஸ்டாண்ட் ஆன் தி கட்டில், மிஸ். எவ்ரி ரெய்ன்."

வனஜா குடியிருப்பது மோரி இறங்கிப் போகிற பள்ளத் தெருவில். அது எல்லாருக்கும் தெரியும். மேலே போடுகிற கவர் அங்கேதான் போய் அடைக்கிறது என்பதை மட்டும் யாரும் யோசித்ததில்லை. கோமளம் கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைத்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அவள் புருஷன் பச்சைமுத்து குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு மோரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

"நில்லுய்யா! அங்க போடாத!"

"இன்னாடி இது? இங்கிலீஷ் படிக்க அனுப்புனா மோரிக்கு வாட்ச்மேன் ஆயிட்டு வந்துக்கிறே?"

"ஆமா, ஆயிட்டேன். நாம போடற கச்சடா வனஜா வூட்டுக்குள்ள போவுது. நீ பெயிண்டு வேலைக்கு ஒம்போது மணிக்குத்தானே கெளம்பறே? எட்டு மணிக்கு வண்டி வந்தா பக்கெட்டைத் தூக்கிக்கினு போய்க் குடு."

"நானா? லுங்கியோட ரோட்ல நின்னுக்கினா?"

"பேண்ட் போட்டுக்கினு நில்லு, யார் வேணாம்னாங்க?"

பச்சைமுத்து தலையில் அடித்துக்கொண்டு பையைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தான்.

மறுநாள் இண்டர்வியூவில் எதிரே மமதா மேடம், கம்பெனியின் துப்புரவு வேலைகளுக்கெல்லாம் அதிகாரி. கோமளம் மகனுடைய கைடிலிருந்து தானாகவே உருப்போட்டிருந்ததை, "மைசெல்ஃப் கோமளம்" என்று ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் வண்டி நின்றுவிட்டது. மேடம் கையமர்த்தி, அது இருக்கட்டும், நீங்கள் வேலை பார்க்கிற மாடியில் சரியில்லாத விஷயம் ஒன்று சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

கோமளம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டூ பின்ஸ், மேடம். ஒன் ஃபுட், ஒன் பேப்பர். வீ வெரி கேர்ஃபுல். டவுன்ஸ்டேர்ஸ், ஒன் லாரி. ஆல் மிக்ஸ். ஒய் டூ பின்ஸ்?"

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டார்.

வகையாக மாட்டிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் வேலை போனாலும் போகும். பொய் சொல்லலாம் என்றால் அவளிடம் அவ்வளவு இங்கிலீஷ் இல்லை.

"ஐ த்ரோ இன் மோரி, மேடம். அப் டு யெஸ்டர்டே. நவ் ஸ்டாப்." இங்கிலீஷ் கையிருப்பு அத்தோடு தீர்ந்துபோக, மிச்சத்தைத் தமிழிலேயே கொட்டினாள். "நாம வெளிய வீசறது காணாமப் போறதில்ல மேடம், இன்னொருத்தங்க வூட்டுக்குள்ள போய் வுழுது. நம்ம வாசல் மட்டும் சுத்தமா இருந்தா அது சுத்தமே இல்ல. இத்தினி வருசம் எனுக்கே தெரியாமப் போச்சு."

மமதா மேடம் மங்களூர்க்காரர். ஆனால் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு தமிழ் புரியாமல் இருக்க முடியுமா? சிரித்துக்கொண்டே பெயருக்கு நேரே டிக் போட்டார். ஒன்றாம் தேதியிலிருந்து சூபர்வைசர். அந்த லாரி காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கேட்பதுதான் முதல் வேலை என்றார்.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கோமளம் நேரே பள்ளத் தெருவுக்குப் போனாள். வனஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"வேலை கெடைச்சிடுச்சு வனஜா. நீ எழுந்து பேசுனதாலதான் எனுக்கு வாய் வந்துச்சு. இத்தினி நாள் போட்டதுக்கெல்லாம் மன்னிச்சிரு."

வனஜா சிரித்துவிட்டாள்.

"ரொம்ப சந்தோசம்க்கா. ஆபீஸ்ல பாஸாயிட்டீங்க. ஆனா எங்க தெருப் பரீட்சை பாக்கி கீது. மழைக்கு இன்னும் ஒரு மாசம் டைம். உங்க மேல்தெருவுல வூடு வூடா போய்ச் சொல்லுங்க. மொத மழையில என் வூட்டுக்குள்ள தண்ணி வராம இருக்கட்டும், அப்ப சொல்றேன் நீங்க எல்லாரும் பாஸுன்னு."