முப்பது நாள் பேசாதவர்கள்

"செத்துட்டீங்கன்னு நினைச்சுதானே அண்ணி வந்தேன்..."

"செத்தவளைப் பார்க்க வர்றவ இப்படியா கதவை உடைப்பா? செத்தவ எழுந்து வந்து திறப்பாளா?"

"திறந்தீங்களே!"

"நான் சாகலையே!"

"அதை ஒரு மிஸ்டு கால் குடுத்துச் சொன்னா என்ன? நாலு நாளாச்சு. விரல் என்ன தேஞ்சா போயிடும்?"

"குடுத்தேன்டி! தினமும் ஏழு மணிக்கு, பிசகாம குடுத்தேன். நீதான் திருப்பிக் குடுக்கலை."

"நானா? நான் குடுக்கலையா? இந்த விரலைக் கேளுங்க, சொல்லும்."

வாசற்படிக்கு உள்ளே தையல்காரி, வெளியே அவள் நாத்தனார். ஒருத்தி மூச்சு வாங்குவதற்காகக்கூட இன்னொருத்தி காத்திருக்கவில்லை. எதிர் வீட்டுக் கதவு சங்கிலி அளவுக்குத் திறந்து, இரண்டு கிழவிகளையும் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டது. தையல்காரியின் கண் நாத்தனாரின் காலில் இருந்தது. பளபளவென்று துடைத்த கறுப்புச் செருப்பு. சாவு வீட்டுக்கு வருகிறவள் செருப்பைத் துடைத்து, தலையைப் படிய வாரி, கைப்பையையும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். துக்கம் விசாரிக்க வந்தாளா, திருமணத்துக்கு வந்தாளா? எழுபது வயதாகியும் பெண்ணுக்கு மினுக்கு போகவில்லை.

இவர்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திப் பதினோரு வருடம் ஆகிறது. தையல்காரியின் கணவன், அதாவது நாத்தனாருக்கு அண்ணன், இறந்த மறுமாதம் நின்றது. எதனால் என்று கேட்டால் ஒருத்தி ஒரு காரணம் சொல்வாள், மற்றவள் வேறொன்று சொல்வாள், இரண்டையும் கேட்டவர்களுக்குச் சிரிப்புதான் வரும். பேச்சு நின்றதே தவிர மிஸ்டு கால் நிற்கவில்லை. நாத்தனார் குடியிருக்கும் மாடியில் தனியாக இருந்த ஒரு மனிதர் இறந்துபோய், ஆறாம் நாள்தான் கதவை உடைத்தார்கள். பேச்சு நிற்பதற்கு முந்தைய வாரம் அது; அந்த வாரமே ஏற்பாடு. காலை ஏழு மணிக்குத் தையல்காரி ஒரு அடி அடித்து வைப்பாள்: இருக்கிறேன். நாத்தனார் ஒரு அடி திருப்பி அடித்து வைப்பாள்: நானும்தான். எடுக்கக் கூடாது. எடுத்தால் நிமிடம் குறையும், அதைவிட மோசமாக, பேச வேண்டியிருக்கும். இருவருக்கும் பிள்ளை இல்லை, குட்டி இல்லை. ஆறாம் நாள் கதவு உடைபடாமல் இருக்க ஒருத்திக்கு இன்னொருத்தியை விட்டால் நாதி கிடையாது. அந்த எண்ணம்தான் இருவருக்கும் தாங்க முடியாததாக இருந்தது.

இந்த நாலு நாளும் தையல்காரி சும்மா இருக்கவில்லை, கறுவிக்கொண்டிருந்தாள். முதல் நாள் பதில் வராதபோது, தூங்குகிறாள் தடிச்சி என்றாள். இரண்டாம் நாள், வீம்பு என்றாள். மூன்றாம் நாள் மட்டும், இரண்டு பேருந்து மாறிப் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வீம்புக்காரிக்கு இது ஒரு வெற்றியாகப் போய்விடும் என்று, எடுத்த பையை மறுபடி ஆணியில் மாட்டினாள். வரட்டும், அவளே வரட்டும். வந்தும் விட்டாள்.

"சரி, இப்ப என் கண்ணு முன்னாடி அடிங்க," என்றாள் நாத்தனார், உள்ளே வந்து, யாரும் உட்காரச் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்து.

தையல்காரி கைபேசியை எடுத்தாள். காதில் வைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. உள்ளங்கையில் தட்டையாக வைத்து, எண்ணை அழுத்தி, திரையைப் பார்த்து "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, சிவப்பை அமுக்கினாள். நாத்தனாரின் கைப்பை ஊமையாகக் கிடந்தது. மறுபடி அடித்தாள். ஊமை. மூன்றாவது தடவை "ரெண்டு" என்னும்போது நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அமைதியில் கைபேசிக்குள்ளிருந்து ஒரு பெண் தேனொழுகப் பேசினாள்: பயன்பாடு இல்லாத காரணத்தால் உங்கள் இணைப்பு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.

"எத்தனை நாளா இவ இதைச் சொல்லிக்கிட்டிருக்கா?"

"எனக்கென்ன தெரியும்? நான் எங்க காதுல வச்சேன்?"

"மெசேஜ் வந்திருக்குமே."

"ஆயிரம் வருது. லட்ச ரூபா கடன் தர்றேங்கறான், வழுக்கையில முடி வளர்க்கறேங்கறான். அதையெல்லாம் படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கவா?"

அது மூத்தோர் சலுகை இணைப்பு. வருமானம் குறைந்த முதியவர்களுக்கு, மாதம் நூறு நிமிடம் இலவசம். அதை வாங்க அவள் மூன்று சான்றிதழ், நாலு வரிசை, ஏழு மாதம் காத்திருந்தவள். சீருடைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் காலர் மட்டுமே தைத்துத் தள்ளிய கைக்கு மிஞ்சிய ஓய்வூதியத்தில் வேறு எந்த இணைப்பும் கட்டாது. நூறு நிமிடத்தில் ஒன்றைக்கூட அவள் செலவழித்ததில்லை. அந்தப் பெருமை வேறு அவளுக்கு உண்டு.

நாத்தனாருடையதும் அதே சலுகைதான். ஆனால் மருந்துக்கடைக்காரன் மாதம் ஒருமுறை அவளைக் கூப்பிடுவான், அவளும் எடுத்து, மாத்திரை விலையைச் சொல்லி இரண்டு நிமிடம் அவனைத் திட்டுவாள். அந்தத் திட்டுதான் அவள் இணைப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இருவரும் கிளம்பிப் போன ஃபோன் கம்பெனி அலுவலகத்தின் கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே குளிர். சுவர் முழுக்க ஒரே படம்: வெள்ளை முடியும் வெள்ளைப் பல்லுமாக ஒரு கிழவனும் கிழவியும் கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரை வாங்குகிற முகமா இது என்று தையல்காரி மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். எட்டு நாற்காலி, பதினேழு முதியவர்கள். எண் சீட்டு தருகிற இயந்திரம் கெட்டுப்போயிருந்தது. அதன் மேல் 'உங்கள் நேரம் எங்களுக்கு முக்கியம்' என்று ஒட்டியிருந்தார்கள். அந்த முக்கியமான நேரத்தில் ஒன்றரை மணி போயிற்று. கவுண்டரில் இருந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். கழுத்துப் பட்டையில் அவன் படம் அவனைவிட நல்லவனாகத் தெரிந்தது.

"சொல்லுங்க பாட்டி."

"எனக்குப் பேரனே இல்லை."

அவன் அதைக் காதில் வாங்காமல் எண்ணைத் தட்டினான். "முப்பது நாள்ல ஒரு கால்கூட பேசலையே. யூஸ் பண்ணலைன்னா சிஸ்டம் தானா நிறுத்திடும்."

"பேசலையா? தினமும் அடிக்கிறேன்ப்பா. பதினோரு வருஷமா ஒரு நாள் தவறலை."

"அதெல்லாம் மிஸ்டு கால். கணக்குல வராது. எடுத்துப் பேசினாதான் கால்."

"அடிச்சது நான், மணி அடிச்சது அவ வீட்டுல, அவளும் பார்த்தா, நானும் பார்த்தேன். உன் சிஸ்டம் மட்டும் பார்க்கலையாக்கும்."

"போன மாசத்துலேருந்து ரூல் அப்படித்தான்மா. புதுசா விண்ணப்பம் போடுங்க. வெயிட்டிங் லிஸ்ட் ஏழு மாசம்."

"ஏழு மாசம் நான் எப்படி இவளுக்கு..." என்று ஆரம்பித்தவள், பக்கத்தில் அந்த இவளே நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அவன் இரண்டு பேர் அடையாள அட்டையிலும் இருந்த முகவரிகளை ஒரு பார்வை பார்த்தான். "ரெண்டு பேரும் தனித்தனியாத்தானே இருக்கீங்க? ஒரே வீட்டுல இருந்துட்டா இந்த ஃபோனே தேவையில்லையே."

"இவளோடயா?"

"இவங்களோடயா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக இருவரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். பின்னால் வரிசையில் இருந்த ஒரு கிழவர் மெல்லச் சிரித்தார். நாத்தனார் திரும்பி ஒரு பார்வை பார்க்கவும் அவர் சுவரில் இருந்த படத்தைப் படிக்கத் தொடங்கினார்.

பிறகு நாத்தனார் தையல்காரியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, கண்ணாடியில் இருந்த ஓட்டைக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள். முப்பத்திரண்டு வருடம் சினிமாத் தியேட்டர் கவுண்டரில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள் அவள். அந்த மாதிரி ஓட்டைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தே வயதானவள்.

"தம்பி, நானும் கண்ணாடிக்குப் பின்னாடி உட்கார்ந்தவதான். ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டிட்டு மேசைக்குள்ள நாலு டிக்கெட் வச்சிருப்பேன். மேனேஜரோட மச்சான் வந்தா குடுக்கணும்ல. உன் மேசையிலயும் இருக்கும். தேடு."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா."

"நானும் இப்படித்தான் சொல்வேன். இதே குரல்ல. தேடு."

அவன் பெருமூச்சு விட்டான். அதிகாரம் செய்ய விடாமல் ஒருத்தி தன் தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டால் ஆண்பிள்ளை முகம் எப்படிச் சுருங்குமோ அப்படிச் சுருங்கியது. இரண்டு மூன்று தடவை தட்டினான். நிறுத்திவைத்து ஏழு நாளுக்குள் வந்தால் சோதனைக்காக அரை மணி நேரம் திறந்துவிடலாமாம். அந்த அரை மணிக்குள் ஒரு அழைப்பு போக வேண்டும், மறுமுனையில் எடுக்க வேண்டும், முழுதாக ஒரு நிமிடம் பேச வேண்டும். பேசினால் இணைப்பு பிழைத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஏழு மாதம்.

"மேசைக்குள்ள இருந்துச்சு பாருங்க," என்றாள் நாத்தனார்.

கெட்டிக்காரிதான் என்று தையல்காரி நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"யாருக்குப் பேசப்போறீங்க?" என்றான் அவன்.

யாருக்கு? தையல்காரியின் கைபேசியில் ஒரே ஒரு எண்தான் இருந்தது.

பக்கத்துப் பக்கத்தில் நின்று பேசினால் இரண்டு கைபேசியும் கீச்சிடும் என்று அவன் நாத்தனாரை வெளியே அனுப்பினான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், நடைபாதையில், வெயிலில் அவள் போய் நின்றாள். தையல்காரி எண்ணை அழுத்தினாள். "ஒண்ணு, ரெண்டு..." கட்டைவிரல் தன் பாட்டுக்குச் சிவப்புக்குப் போயிற்று.

"வைக்காதீங்க!" என்று கத்தினான் அவன்.

வெளியே நாத்தனாரின் கைப்பை அடித்தது. எடுத்தாள். பார்த்தாள். தினமும் காலையில் செய்வதுபோலத் தலையை ஒருமுறை ஆட்டிக்கொண்டாள். இருக்கிறாள், சரி. கைபேசியைத் திரும்பப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"எடு! அட மண்டு, எடுடி!" தையல்காரி ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள். காத்திருந்த முதியவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் விழித்து, ஜிப்போடு மல்லுக்கட்டி, கடைசி மணியில் எடுத்தாள்.

"சொல்லுங்க," என்றது காதுக்குள் ஒரு குரல். இத்தனை கிட்டத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. எதிரில் நின்று கத்தும்போது இருக்கிற கூர் அதில் இல்லை.

"என்னத்தைச் சொல்ல?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க."

"நானா கூப்பிட்டேன்? அவன் கூப்பிடச் சொன்னான்."

"பேசுங்க, வச்சுடாதீங்க. ஏழு மாசம்."

"நீ பேசேன். வாய் ஓயாம பேசுவியே. இப்ப என்ன வாயில பிளாஸ்திரியா?"

"பத்து," என்றான் கவுண்டர்க்காரன், கைக்கடிகாரத்தைப் பார்த்து, பரீட்சை நடத்துகிறவன் மாதிரி.

"வெயில் அதிகமா அங்க?"

"உங்களுக்குத் தெரியலையா? கண்ணாடிதானே நடுவுல."

"சும்மா கேட்டேன். செருப்பு புதுசா?"

"இல்லை."

"நல்லாத்தான் இருக்கு."

"இருபத்தஞ்சு," என்றான் கவுண்டர்க்காரன்.

பதினோரு வருடமாக இவளிடம் கேட்க வேண்டும் என்று தையல்காரி சேர்த்துவைத்த குத்தல்கள் எத்தனையோ. பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தவை. ஒன்றுகூட இப்போது நாக்கில் ஏறவில்லை. மறுமுனையில் பேருந்து ஒன்று இரைந்துகொண்டு போயிற்று. அதே பேருந்து கண்ணாடிக்கு வெளியேயும் போயிற்று.

"அண்ணி."

"இருக்கேன், சொல்லு."

"நீங்க செத்துட்டீங்கன்னு நினைச்சு வரலை."

"அப்புறம் எதுக்கு வந்த?"

"முந்தாநாள் குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். எந்திரிக்க முடியலை. ஃபோன் கையிலதான் இருந்துச்சு. அடிச்சு அடிச்சு வச்சேன். பதினாலு தடவை. பார்த்துட்டு வருவீங்கன்னு கிடந்தேன். வரலை. பார்த்துட்டும் வேணும்னுதான் வரலைன்னு நினைச்சுக்கிட்டேன். அதை முகத்துக்கு நேரா கேட்டுட்டுப் போகலாம்னுதான் இன்னைக்கு வந்தேன்."

தையல்காரி கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். நாத்தனார் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கைபேசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல. படிய வாரிய தலையில் பின்பக்கம் மட்டும் சீப்பு எட்டியிருக்கவில்லை. அங்கே முடி சிக்காக, ஒரு பக்கமாக அமுங்கியிருந்தது.

"அறுபது ஆயிடுச்சு," என்றான் அவன். "போதும்மா, வச்சிடுங்க. இணைப்பு வந்துடும்."

அவள் வைக்கவில்லை. ஒரு நிமிடம் ஐந்து விநாடி. ஆறு. ஏழு. பின்னால் யாரோ, அடுத்த ஆளை விடுங்கம்மா என்றார்கள்.

"எவ்வளவு நேரம்டி கிடந்த?"