ஜெர்மானியக் கண்ணுக்காரி

லென்ஸ் பட்டறையில் வேலை பார்த்தவளின் இரண்டு கண்களும் ஒரு செவ்வாய்க்கிழமை ஜெர்மானியம் என்ற தனிமமாக மாறிப்போயின. பார்வைக்கு எஃகு போல மினுங்கி, கீழே விழுந்தால் கண்ணாடியாய்ச் சிதறும் அந்தச் சாம்பல் வில்லைகளை, சூட்டைப் படம் பிடிக்கும் கேமராக்களுக்காக வருடக்கணக்கில் தேய்த்தவள் அவள்; ஆகவே பட்டறையில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. முதலாளி அவளைச் சோதனை மேசைக்கு மாற்றினார், அவ்வளவுதான். வெளிச்சம் அவளை விட்டுப் போய், சூடு மட்டும் தெரிந்தது. சூட்டை ஊடுருவ விடாத ஜன்னல் கண்ணாடி சுவராகிவிட்டது. கறுப்புப் பாலிதீன் பைக்குள் இருப்பதெல்லாம் தெரிந்தது. கோபத்தில் தலை கொதித்தால் மட்டும் கண் அடைத்துக்கொள்ளும். ஜெர்மானியத்தின் குணம் அப்படி, அளவு மீறிச் சூடேறினால் அதற்குள் எதுவும் நுழையாது.

தங்கை பெட்டியோடு வந்து நின்று, "கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கா" என்றாள். அவள் கழுத்தில் ஐந்து விரல்களும் தணலாய் எரிந்தன. "கதவுக்கு விரல் இருக்காடி?" என்று கேட்டுவிட்டு அக்கா அவளை உள்ளே கூட்டிப் போனாள். அந்தத் தடம் வாரக்கணக்கில் ஆறவில்லை.

தங்கை புருஷன் ஒரு மதியம் வந்தான். குரலில் தேன் ஒழுகியது. "நடந்தது நடந்துபோச்சு. பழம் வாங்கிட்டு வந்திருக்கேன், அவளைக் கிளம்பச் சொல்லுங்க." கையிலிருந்த கறுப்புப் பைக்குள் சாணை பிடித்த சூடு ஆறாத கத்தி கிடந்தது. பழமாவது கிழமாவது. அக்கா பாய்ந்தாள். பாயும்போதே ஆத்திரத்தில் கண்கள் இருண்டன. பாவி மகள் அதை மறந்துபோனாள். கத்தி தோளில் இறங்கி, உள்ளங்கையைக் கிழித்தது. அவள் முடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் அடித்தான்; இடது கண் சில்லுச்சில்லாய் உதிர்ந்தது. தங்கை குடத்துத் தண்ணீரை அப்படியே அக்காவின் முகத்தில் கொட்டினாள். மிஞ்சிய கண் குளிர்ந்து திறந்தது. எதிரே அவன் கழுத்து, உடம்பிலேயே சூடான இடம், துடித்துக்கொண்டிருந்தது. கத்தியை அவன் கையோடு திருப்பி அங்கேயே செருகினாள்.

அவன் சரிந்தான். இரத்தம் வெதுவெதுப்பாய்த் தரையில் பரவி மங்கியது. தங்கை அக்காவின் தோளைத் துணியால் அழுத்தினாள்.

"போயிட்டானாக்கா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கான்."

முதலில் அவன் விரல் நுனிகள் அணைந்தன, பிறகு கை கால், கடைசியில் மார்பு. இரவுக்குள் தரையின் சூட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டான். தாமதமாக வந்த இன்ஸ்பெக்டர் அவனைக் காட்டி, "இது யாரும்மா?" என்றார். அவள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "இங்க என் தங்கச்சி மட்டுந்தான் இருக்கா." பட்டறைப் பக்கத்து ஆட்களின் கண் எப்படிப்பட்டது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தலையாட்டிவிட்டு அதையே எழுதிக்கொண்டார்.