புல்மோட்டைக்குப் போகும் காருக்குக் காப்புறுதி

உப்புவெளியில் இரண்டு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துகிற ரிஷிகேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுடைய மனைவி துஷாந்தி கணக்கு டீச்சர். மார்கழிக் கடைசியில் அவளுக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. தை மாதம், அடுத்த திங்களிலிருந்து புல்மோட்டைப் பள்ளிக்கூடம். ஐம்பத்தைந்து கிலோமீற்றர். காலை ஏழரைக்குக் கையெழுத்து வைக்கத் தோதான பஸ் கிடையாது. ஆசிரியர் விடுதியில் ஒரு கட்டில் ஒதுக்கியிருக்கிறோம், திங்கள் வந்து வெள்ளி போகலாம் என்று அதிபர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டில் பதினான்கு மாதப் பிள்ளை. அப்போதுதான் சுவரை விட்டுக் கையெடுத்து நடக்கத் தொடங்கியிருந்தாள். வாரத்தில் நான்கு இரவு அவளை விட்டுவிட்டு எப்படிப் படுப்பது, சொல்லுங்கள்.

ஆகவே கார். பெற்றோல் கட்டுப்படியாகாது, எனவே மின்சாரக் கார். மாதத் தவணையில் ஒரு பங்கைக் குச்சவெளி ஹுஸ்னியா டீச்சரும் நிலாவெளியில் இன்னொரு டீச்சரும் தருவதாகப் பேச்சு. அவர்களுக்கும் அதே பள்ளிக்கூடம், அதே பஸ் இல்லாத காலை. அந்தக் காசு இல்லாமல் தவணை ஓடாது.

பட்டணத்தில் ஸஜ்ஜாத்தின் வாகன விற்பனை நிலையத்தில் இரண்டு கார் நின்றன. ஒன்று புத்தம் புதிது, கடல் நீலம். ஒருதரம் சார்ஜ் ஏற்றினால் முந்நூறு கிலோமீற்றர் ஓடும். மற்றது பத்து வயதான சாம்பல் நிறக் கார். எண்பத்தைந்து ஓடினால் பெரிது. ரிஷிகேசன் நீலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். சாம்பலைப் பார்த்து, இது காரோ சவர்க்காரப் பெட்டியோ என்று ஸஜ்ஜாத்திடமே கேட்டான்.

காருக்குக் கடன் கொடுக்கிற லீசிங்காரர் ஒரு விடயத்தில் கண்டிப்பு. வெள்ளி பின்னேரத்துக்குள் முழுக் காப்புறுதி எடுத்துக் காட்டினால்தான் சாவி. அந்த வருடக் கட்டணத்துக்கு அவர்களிடம் இருந்தது ஒன்றே முக்கால் இலட்சம். புதன்கிழமை காலையே சாப்பாட்டு மேசையில் போனை வைத்து, சத்தத்தைக் கூட்டி, ஒவ்வொரு கம்பனியாக அழைக்கத் தொடங்கினார்கள்.

முதல் கம்பனிக்காரர் கொழும்பிலிருந்து பேசினார். விலை நல்ல விலை. பற்றரிக்குள் வெள்ளம் போனால் தரமாட்டோம் என்று கடைசியில் மெல்லச் சொன்னார். மாரியில் கரையோர வீதி எப்படிக் கிடக்கும் என்று தெரிந்த எவரும் அதற்குக் கையெழுத்து வைக்கமாட்டார்கள். இரண்டாவது கம்பனியின் தம்பியும் கொழும்புதான். அவரிடம் துஷாந்தி, மான் வந்து இடித்தால் காசு தருவீர்களா என்று கேட்டாள். நீங்கள் காட்டுக்குள் இருக்கிறீர்களா என்றார் அவர். இல்லை, மான் திரிவது பட்டணத்துக்குள்ளே, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என்றாள் அவள். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தவர் பிறகு எடுக்கவேயில்லை.

மூன்றாவது ஆள் நௌபர், கிண்ணியாக்காரர்.

"மான் எண்டாலும் குடுப்பம் மிஸ், மாடு எண்டாலும் குடுப்பம். ஆனா மாட்டுக்குச் சொந்தக்காரன் வருவான். அவன நீங்கதான் சமாளிக்கணும்."

வெள்ளம், பற்றரி எல்லாம் சேர்த்து நீலக் காருக்கு ஒரு இலட்சத்து அறுபத்தெட்டாயிரம் என்றார். ரிஷிகேசன் பிள்ளையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். நௌபர் படிவத்தில் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"ஆக்கள்ட்ட காசு எடுத்து ஏத்துவீங்களா மிஸ்?"

ரிஷிகேசன் பிள்ளையோடு சேர்த்துத் தலையை ஆட்டினான், இல்லை என்று சொல்லும்படி. துஷாந்தி அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஓம். ரெண்டு டீச்சர்மார் வருவினம். மாசாமாசம் காசு தருவினம்."

அப்படியென்றால் அது வாடகை வாகனக் கணக்கு என்றார் நௌபர். இரண்டு இலட்சத்துத் தொண்ணூறாயிரம். அவருடைய குரலே இறங்கிவிட்டது.

போனை வைத்ததும் வீட்டில் சண்டை. யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றான் அவன். ஊரில் எல்லாரும் இல்லை என்றுதான் எழுதுகிறார்கள் என்றான்.

"நாளைக்கு ஒரு லொறி வந்து அடிச்சா ஹுஸ்னியாவின்ரை புருசனிட்டை நான் என்ன சொல்லுறது? காசும் வாங்கி, அவவுக்குக் காப்புறுதியும் இல்லாமல் ஏத்தினனான் எண்டோ?"

துஷாந்தி இடமாற்றக் கடிதத்தைத் திருப்பி அதன் முதுகில் கணக்குப் போட்டாள். இதுவரை நீலத்துக்குள்ளேயே கம்பனிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பலுக்கு ஒருவரும் விலை கேட்கவில்லை. அவள் நௌபரைத் திரும்ப அழைத்தாள். பெறுமதி குறைந்த வாகனம் என்பதால் வாடகைக் கணக்கிலேயே ஒன்றேகால் இலட்சம். அவர் சொன்னதை இரண்டுதரம் சொல்லச் சொன்னாள்.

ஆனால் எண்பத்தைந்து கிலோமீற்றர் ஓடும் கார் போய் வர நூற்றுப்பத்து ஓடாதே. ஹுஸ்னியாவுக்கு எடுத்துச் சொன்னாள். ஹுஸ்னியா சிரித்தாள்.

"மிஸ், எங்கட மாமாட ஐஸ் பக்டரி ஸ்கூலுக்கு நேர முன்னுக்கு. மீனுக்குக் குடுக்கிற கரண்ட உங்களுக்குத் தரமாட்டாரா? யூனிட்டுக் காசக் குடுத்தாச் சரி."

வெள்ளி காலை ஸஜ்ஜாத் காரைப் பரீட்சித்துப் பார்க்கத் தந்தார். தானும் பின்னால் ஏறிக்கொண்டார். துஷாந்தி ஓட்ட, பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்திருந்த ரிஷிகேசன் தேர்தல் முடிவு வாசிப்பவனைப் போல ஒவ்வொரு ஊரிலும் பற்றரி வீதத்தை வாசித்தான். நிலாவெளி எண்பத்தெட்டு. இறக்கக்கண்டிப் பாலம் எண்பது. ஏசி போடலாமே என்ற ஸஜ்ஜாத்தை அவன் பார்த்த பார்வையில் அவர் கண்ணாடியை இறக்கிவிட்டார். குச்சவெளி அறுபத்தைந்து. அங்கே ஏறிய ஹுஸ்னியா பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு பின்னால் இருந்தவர்களும் எட்டித் திரையைப் பார்த்தார்கள். ஐம்பத்தொன்று. நாற்பத்து மூன்று. கடல் ஒரு பக்கம் வந்து வந்து மறைந்தது. புல்மோட்டைச் சந்தி, முப்பத்தைந்து.

"இந்தச் சவர்க்காரப் பெட்டி ஓடுது," என்றான் ரிஷிகேசன், எல்லாருக்கும் கேட்க.

ஐஸ் பக்டரியில் மீன்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சூழ்ந்து நின்றார்கள். ஹுஸ்னியாவின் மாமா பஹ்மி நீளமான வயரை இழுத்து வந்து கொடுத்தார். செருகினார்கள். பச்சை விளக்கு மூன்றுதரம் மினுங்கி நின்று எரிந்தது. துஷாந்தி அங்கேயே நின்று நௌபருக்குப் போன் எடுத்து, காப்புறுதிப் பத்திரத்தைப் போடுங்கள் என்றாள். கால் மணித்தியாலத்தில் அது போனுக்கு வந்து சேர்ந்தது. வாடகைப் பாவனை, நான்கு பயணிகள் என்று அதில் இருந்ததை ரிஷிகேசனே சத்தமாக வாசித்தான்.

அவள் வீதியைக் கடந்து ஆசிரியர் விடுதிக்குப் போனாள். பொறுப்பாக இருந்த அம்மா சாவிக் கொத்தோடு வந்தார், கட்டிலைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று.

"வேண்டாம் அம்மா, அதை வேறை ஆருக்கும் குடுங்கோ. நான் பின்னேரத்திலை வீட்டை போயிடுவன்."

திரும்பி வரும்போது அவள் நடக்கவில்லை, பாதி ஓட்டம். பிள்ளை ஐஸ் துண்டு ஒன்றைக் கையில் பிடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டு, மீன்பெட்டிகளுக்கு நடுவே நான்கு அடி தனியாக நடந்து வந்து அவளுடைய காலைக் கட்டிக்கொண்டது. காரின் திரையில் நாற்பத்தொன்று காட்டியது. வீடு போகக் குறைந்தது அறுபத்தைந்து வேண்டும். இன்னும் இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்றார் ஸஜ்ஜாத். பஹ்மி எல்லாருக்கும் தேத்தண்ணி சொன்னார்.