பூநாரைகள் பறந்த காரணம்

ஜமுனா பழவேற்காடு ஏரியில், முழங்காலளவு தண்ணீரில் தவழ்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். இருபதடி தள்ளி பூநாரைகள் மேய்ந்தன. அவை அவளைப் பொருட்படுத்தவே இல்லை.

பறவை ஆய்வாளர் மோகன்குமார் மோட்டார் படகில் வந்தார். எஞ்சின் சத்தம் கேட்டதுமே அத்தனை பறவைகளும் எழுந்து பறந்துவிட்டன. அவர் ஜமுனாவைப் பார்த்தார். பறவைகள் பறந்த காரணத்தைக் குறிக்கும் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"இன்னா சார் எழுதுறீங்க?"

"மனிதத் தொந்தரவு. பெண் ஒருவர்."

"நான் காலைலேர்ந்து இங்கதான் சார் கீறேன். உங்க போட்டு சத்தத்துலதான் அதுங்க பறந்துச்சு."

மோகன்குமார் படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஆய்வுப் படகுக்கு இதுல கட்டம் இல்லையேம்மா," என்றார், உண்மையான வருத்தத்தோடு.

ஜமுனாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "அப்ப நீங்களும் எறங்கி நில்லுங்க. ரெண்டு பேருன்னு எழுதிக்கலாம்."

அவர் இறங்கவில்லை.

சில மாதங்களில் அறிக்கை வந்தது. கையால் இறால் பிடிப்பவர்கள் இனி அந்தப் பக்கம் வரக்கூடாதாம். அவர்களைக் கண்காணிக்க இன்னும் இரண்டு மோட்டார் படகுகள் வேண்டுமாம்.

படகுகளும் வந்தன. ஜமுனா திட்டிக்கொண்டே காட்டூர்ப் பக்கம் போய் ஏரியில் இறங்கினாள். பூநாரைகள் அவளுக்கு முன்பே அங்கே வந்து மேய்ந்துகொண்டிருந்தன.