எஃப் வரிசையில் அண்ணன்

ஆங்கிலம்-தமிழ் அகராதி ஆபீஸில் எனக்கு ஒதுக்கியது எஃப் வரிசை. எங்கள் ஆசிரியர் பிடிவாதக்காரர். எடுத்துக்காட்டு வாக்கியத்தைக் கற்பனையில் எழுதவே கூடாது. கண்ணால் பார்த்ததாகவோ காதால் கேட்டதாகவோ இருக்க வேண்டும். எங்கே, எப்போது என்று அந்தச் சொல்லை எழுதும் சீட்டின் பின்பக்கம் குறித்துக் கையெழுத்தும் போட வேண்டும்.

‘ஃபேன்’ என்ற சொல் வந்தபோது நான் ரொம்ப யோசிக்கவில்லை. ரசிகர், ஆதரவாளர் என்று பொருள் எழுதினேன். மூலத்தைத் தேடினால் லத்தீன் வரை போனது. அங்கே கோயிலுக்கு ஒரு சொல். கோயிலே கதியென்று கிடந்து சாமி வந்து ஆடுகிறவனுக்கு அதிலிருந்து இன்னொரு சொல். அது ஆங்கிலத்தில் வெறியன் ஆகி, பிறகு வால் நறுக்கப்பட்டு ஃபேன் ஆயிற்று என்பது பலரின் கணிப்பு. படிக்கப் படிக்க என் அண்ணன் முகம்தான் கண்முன் நின்றது. கீழே எழுதினேன்: ‘தங்கையின் கல்யாண விருந்தை விட்டுவிட்டு ஆட்டம் பார்க்க ஓடிய ரசிகன் அவன்.’ பின்பக்கத்தில் என் கல்யாணத் தேதியைப் போட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, அத்தனை கோபம் இருந்தது எனக்கு. அன்று எடுத்த குடும்பப் படத்தில் அண்ணிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலி. சரி, அவன் டீம் கோப்பையாக வாங்கிக் குவித்த டீமா என்றால் அதுவும் இல்லை. தோற்பதற்கென்றே நேர்ந்துவிட்ட பதினோரு பேர்.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் மைதானத்துக்குக் கூட்டிப் போவான். கூட்டம் மறைத்தால் தோளில் தூக்கி வைத்துக்கொள்வான். இரண்டு விரலை வாயில் வைத்து அவன் அடிக்கும் விசிலில் என் காது அடைத்துப் போகும். அங்கே அவனுக்குப் பெயரே விசில்தான். தோளில் உட்கார்ந்து நான் பார்த்தது ஆட்டத்தை இல்லை, கடலை விற்கிறவரை. கடலை தீர்ந்ததும் “போலாம்ணா” என்று அழுவேன். திரும்பித் திரும்பிப் பார்த்தபடி என்னை வீட்டுக்குத் தூக்கி வருவான், ஒரு வார்த்தை திட்ட மாட்டான்.

அகராதி வெளிவந்ததும் நாலு பிரதி வாங்கினான். ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை மைதான நண்பர்களுக்குக் கொடுத்தானாம். “டேய் விசில், உன் கதை அச்சுல ஏறிச் சந்தி சிரிக்குதுடா” என்று அவர்கள் ஓட்டியதை அண்ணிதான் சொன்னாள். அந்த வருஷத்தோடு அவன் மைதானத்துக்குப் போவது நின்றது. என் வரிதான் காரணம் என்று எனக்குப் பட்டது. கேட்கப் பயந்துகொண்டே ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டேன். நேரில் பார்த்தால் மழை, முட்டிவலி என்று பேசுவதோடு சரி.

போன வாரம் இரண்டாம் பதிப்பின் அச்சுப்படி என் மேசைக்கு வந்தது. முதல் வேலையாக அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். தாளை எடுத்துக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணா, அந்த வரிய எடுத்துட்டேன். என்னாலதானே கிரவுண்டுக்குப் போறதையே விட்ட? மன்னிச்சிடு.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “உன்னாலயா? டீமையே கலைச்சிட்டாங்களேம்மா. ஆறு வருஷமாச்சு. உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. அவன் உயிரையே வைத்திருந்த ஒன்று இல்லாமல் போயிருக்கிறது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் தங்கை அதைக் கேள்விப்படவே இல்லை.

“உன் கல்யாணத்தன்னைக்கு நான் போயிருக்கக் கூடாது. என் தப்புதான்” என்றான். பிறகு அலமாரியிலிருந்து அகராதியை எடுத்து வந்து மேசையில் வைத்தான். தாள்களின் ஓரம் புதிதாகவே இருந்தது, ஒரு விரல் தடிமனுக்கு மட்டும் கைபட்டுக் கறுத்திருந்தது.

“எஃப் மட்டும் முழுசாப் படிச்சிட்டேன், மூணு தடவை. அது நீ எழுதினதுன்னு சொன்னியே. பாதி புரியல.”

ஓர் ஆட்டத்தைக்கூட நான் அவனோடு கடைசி வரை இருந்து பார்த்ததில்லை.

“அந்த வரிய எடுக்காத” என்றான். “அவ்ளோ பெரிய புஸ்தகத்துல நான் அதுல மட்டும்தான் இருக்கேன்.”