அறுபத்து நான்கு மட்டும்

பேராசிரியருக்கு அவர் வேலை பார்த்த கல்லூரியில் மாணவர்கள் வைத்த பெயர் அறுபது. வயதைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. அவருக்கு முப்பது வயது இருக்கும்போதே வைத்துவிட்டார்கள். இருபத்தாறு வருடம் விடைத்தாள் திருத்தியவர், ஒருவருக்கும் அறுபதுக்கு மேல் போட்டதில்லை. அங்கே அறுபது என்றால் முதல் வகுப்பு. அவர் கையால் அறுபது வாங்கியவனுக்கு அன்று கால் தரையில் பாவாது. யாராவது கேட்டால், "மார்க் என்ன என் அப்பன் வீட்டுச் சொத்தா, அள்ளிக் கொடுக்க?" என்பார். பெற்ற மகளே அவரிடம் படித்தாள். மகளுக்குச் சலுகை காட்டினார் என்று நாளைக்கு எவனும் வாய் திறக்கக் கூடாதே என்று அவளுக்கு ஐம்பத்தெட்டு போட்டார். அவள் மேலே படிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு கூரியர் ஆபீஸ் கவுண்ட்டரில் போய் உட்கார்ந்தாள். அவள் இஷ்டம் என்று விட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவரை ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒரு வருடத்துக்கு வருகைப் பேராசிரியராக அழைத்தது. அவருடைய சொந்த வட்டாரத்தைப் பற்றித்தான் பாடம்: ஒரு ஆறு, அதன் இரண்டு கரைகளிலும் உள்ள ஊர்கள், அவற்றின் சாலைகள், சந்தைகள். மாலை போட்டு வரவேற்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை என்றாலும், தரைக்குக் கீழே, கொதிகலனுக்குப் பக்கத்து அறையைக் கொடுப்பார்கள் என்றும் நினைக்கவில்லை. மேஜை ஒரு கால் குட்டையாக இருந்து ஆடியது. வந்த அன்று அலுவலக அம்மா ஒரு தடித்த வழிகாட்டிப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "இதைப் படிச்சிடுங்க, எல்லாம் இதுல இருக்கு" என்றார். இருபத்தாறு வருட சர்வீஸ் உள்ளவருக்கு இவர்கள் என்ன சொல்லித்தரப் போகிறார்கள்? மேஜைக் காலுக்குக் கீழே வைத்துப் பார்த்தார், அளவெடுத்தது போலப் பொருந்தியது.

வகுப்பில் ஏழு பேர் சேர்ந்தார்கள். ஒரு மாதத்தில் நாலு பேர் ஆனார்கள். ஒருவன் தூங்க வந்தான். ஒருத்தி வேறு பாடத்தின் கட்டுரையை இங்கே உட்கார்ந்து எழுதினாள். ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர், வீட்டில் மனைவியின் தொல்லை தாங்காமல் வருவதாக அவரே சொன்னார். நாலாவது ஆள் பஸ் ஓட்டுகிற பெண். நாற்பத்து நாலு வயது. ஷிஃப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு நேராக வகுப்புக்கு வருவார். அந்த ஊரில் வாத்தியாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பேராசிரியர் தன் ஊர் வழக்கத்தை முதல் வகுப்பில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, இந்த அம்மா மட்டும் கடைசிவரை "சார்" என்றார்.

ஊரிலிருந்து பேராசிரியர் பெட்டியில் கொண்டுபோன காகிதங்களில் ஐம்பது வருடத்துக்கு முந்தைய, வருடத்துக்கு ஒன்றான பஸ் கால அட்டவணைகளும் இருந்தன. ஒரு நாள் ஓட்டுநர் அம்மா அவற்றில் ஒன்றை விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"சார், இந்தப் பஸ் எல்லா இடத்துலயும் ஒரு நிமிஷம்தான் நிக்குது. ஒண்ணுமே இல்லாத இந்த ஊர்ல மட்டும் பதினோரு நிமிஷம் நிக்குதே, ஏன்?"

"டீ குடிச்சிருப்பாங்க."

"இல்ல சார். டீக்கு நிறுத்தினா நாங்க அட்டவணைல எழுத மாட்டோம். வேற ஏதோ ஒரு வண்டிக்காகக் காத்திருக்கு."

அடுத்த வாரம் விடையோடு வந்தார். ஆற்றுப் படகுகளின் நேரத்தை எங்கோ தேடி எடுத்து, அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பஸ் காத்திருந்தது படகுக்காக. படகு நின்ற வருடம் அந்தப் பதினோரு நிமிடமும் நின்றிருந்தது. அதற்கு அடுத்த வருடங்களில்தான் இரண்டு கரை ஊர்களும் ஒன்றுக்கொன்று பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் விட்டிருந்தன. இரண்டு கரையும் ஏன் முகம் திருப்பிக்கொண்டன என்று பேராசிரியர் இருபத்தாறு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். சாதி என்று ஒரு கட்டுரையும், நிலம் என்று ஒரு கட்டுரையும் எழுதியிருந்தார். அந்த அட்டவணைகள் அவர் அலமாரியிலேயேதான் கிடந்தன.

தனக்கு வந்தது பொறாமையா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை. முகத்துக்கு நேரே பாராட்டினால் படிக்கிறவர்கள் கெட்டுப்போவார்கள் என்பது அவர் கொள்கை. அதனால், "ம், எழுதிக் கொண்டு வாங்க" என்றார்.

தேர்வில் அந்த அம்மா அதைத்தான் எழுதினார். பேராசிரியர் மூன்று முறை படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு அறைக்குள் கொஞ்ச நேரம் நடந்தார். அப்புறம் உட்கார்ந்து, சர்வீசில் இதுவரை போடாத ஒன்றைப் போட்டார்: அறுபத்து நான்கு. பக்கம் பக்கமாக ஓரத்தில் சிவப்பு மையில் மார்க், முதல் பக்கத்தில் கட்டம் போட்டுக் கூட்டல், அதற்குக் கீழே எவனும் திருத்தக் கூடாதே என்று எழுத்தாலும் 'அறுபத்து நான்கு மட்டும்'. கூட்டல் சரிபார்த்ததற்கு ஒரு கையெழுத்து. மறுமுறை சரிபார்த்ததற்கு இன்னொன்று. ஊரில் எப்படிச் செய்வாரோ அப்படியே செய்து, கம்ப்யூட்டரிலும் ஏற்றினார். அன்று அவர் நடையிலேயே ஒரு மிடுக்கு இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஓட்டுநர் அம்மா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றார்.

"நன்றியெல்லாம் வேண்டாம், உள்ள வாங்க" என்றார் பேராசிரியர், பெருந்தன்மையாக.

"சார், நான் என்ன தப்பு பண்ணினேன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

பேராசிரியருக்குப் புரியவில்லை. அந்த அம்மா நின்றபடியே சொன்னார். இங்கே அறுபத்து நாலு என்றால் ஏதோ தேறியது என்று அர்த்தம். ஆராய்ச்சிக்குச் சேர எண்பது வேண்டும். நாளைக்கு விண்ணப்பம் கடைசி. நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டால் எடுக்க மாட்டார்கள், அவருக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து. ஆறு வருடமாக ஷிஃப்ட் மாற்றி மாற்றிப் பட்டம் முடித்ததே இதற்காகத்தான்.

"எங்க ஊர்ல அறுபத்து நாலுன்னா..." என்று ஆரம்பித்தார்.

"இது உங்க ஊர் இல்லையே சார்" என்றார் அந்த அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மணி பார்த்தார், பஸ் எடுக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

பேராசிரியர் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து வழிகாட்டிப் புத்தகத்தை உருவினார். மேஜை ஆடியது. ஒன்பதாம் பக்கத்தில், குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி கட்டம் கட்டிப் போட்டிருந்தது. நல்ல விடைத்தாள் எண்பது. மிக நல்ல விடைத்தாள் தொண்ணூறு. அவருக்குத் தன் தலையிலேயே ஓங்கி அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

துறைத் தலைவர் தங்கமான மனிதர், எதற்கும் உதவாத தங்கம். "ஏத்தின மார்க்கை மாத்த முடியாதே. மாத்தணும்னா குழு கூடணும், குழு அடுத்த மாசம்தான். கூட்டல் தப்பா இருந்தா மட்டும் நானே இன்னைக்கே திருத்தலாம்" என்றார்.

பேராசிரியர் பொய்யே சொல்லாதவர் என்று சொல்ல முடியாது. மார்க் விஷயத்தில் சொன்னதில்லை.

"கூட்டல் தப்புதான். தொண்ணூறு வரணும்."

"அவ்வளவுதானே! பேப்பரை எடுத்துட்டு வாங்க, அஞ்சு நிமிஷ வேலை."

அலுவலக அம்மா விடைத்தாளைக் கொண்டுவந்து வைத்தார். தலைவர் கட்டத்தைப் பார்த்தார், போனை எடுத்துக் கூட்டினார். பக்கங்களைப் புரட்டி இன்னொரு முறை கூட்டினார். எழுத்தால் எழுதியிருந்ததைப் படித்தார். இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். இவ்வளவு பத்திரமாக மார்க் போடப்பட்ட ஒரு காகிதத்தை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

"நான் ரெண்டு தடவை கூட்டிட்டேன்" என்றார், வருத்தமாக. "நீங்களும் ரெண்டு தடவை கூட்டியிருக்கீங்க."

தலைவர் விடைத்தாளை மூடி மேஜையில் வைத்தார்.

"மனசு கஷ்டமாத்தான் இருக்கு. அப்புறம், இதையும் சொல்லிடறேன். நாலே பேர் இருக்கறதால அடுத்த வருஷம் இந்தப் பாடத்தையே எடுத்துட்டாங்க."

அன்று மதியம் பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவது பஸ்ஸில் அந்த அம்மாவைக் கண்டுபிடித்தார். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, "நான் போய்க் கேட்டேன், முடியலை. தப்பு என்னோடதுதான்" என்றார். இன்னும் சொல்ல இருந்தது. பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு நெருக்கினாள்.

"விடுங்க சார். உள்ள போங்க, ஆள் நிக்கறாங்க."

அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் ஒரு நிமிடம் நின்று கிளம்பியது. அவருடைய நிறுத்தம் வந்ததும் இறங்கினார். அந்த அம்மா கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி எடுக்கவில்லை. மகளுக்குப் போட்டார். கவுண்ட்டரில் கூட்டம் இல்லை என்றாள். வழக்கமாக மகளிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர், எல்லாவற்றையும் கொட்டினார். பதினோரு நிமிடம், படகு, தொப்பி, தான் சொன்ன பொய்.

"அறுபத்து நாலு போட்டீங்களா! நீங்களா?"

"ஆமாம்மா."

"அவ்வளவு நல்லாவாப்பா எழுதியிருந்தாங்க?"

"என் சர்வீஸ்ல அப்படி ஒண்ணைப் படிச்சதே இல்லம்மா."

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

பேராசிரியர் யோசித்தார். வகுப்பில் சொல்லவில்லை, அறையில் சொல்லவில்லை, பஸ் படியிலும் சொல்லவில்லை.

"அதான் அறுபத்து நாலு போட்டேனே" என்றார்.

மறுமுனையில் பார்சலுக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒருவர் வந்து ரசீது கேட்டார். மகள் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி போனுக்கு வந்தாள்.

"ஆமாப்பா" என்றாள். "எனக்கும் போட்டீங்க, ஐம்பத்தெட்டு."