தொட்டியை உடைத்தவள்

லியார்கோவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இல்லை, கை நுனியில் இருந்தது. முதலில் கை போகும், அப்புறம் வாய் போகும், புத்தி எல்லாவற்றுக்கும் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று இத்தாலியின் ரெஜ்ஜோ பக்கத்து ஊர்க்காரர்கள் அவனைப் பற்றிச் சொல்வார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அவன் வீட்டில் உடைந்த தட்டைப் பொறுக்கியதில்லை. பொறுக்கியது அவன் மனைவி ஜெல்மீனா.

ஒயின் விஷயத்தில் மட்டும் அவன்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. அவன் செய்தது லம்ப்ரூஸ்கோ, ஊற்றினால் நுரைக்கிற சிவப்பு ஒயின். சீமான்கள் கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றிச் சுழற்றி முகர்ந்து பார்க்கிற சரக்கு அல்ல. ஓடு சுடும் சூளைக்காரன் மத்தியானச் சாப்பாட்டோடு குடிப்பது, லாரிக்காரன் பன்றிக் கொழுப்பை நாக்கிலிருந்து இறக்கக் குடிப்பது. மலிவு. ஆனால் மலிவு வேறு, மட்டம் வேறு என்பது லியார்கோவின் வேதம். "பணக்காரன் பாட்டில் சரியில்லேன்னா வேற பாட்டில் வாங்கிப்பான். ஏழை குடிக்கிறதுலதான்டா கலக்கக் கூடாது" என்பான், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

கிடங்கு அவனுக்கும் தம்பி நெரீனோவுக்கும் பொது. திராட்சையும் தொட்டியும் அண்ணன் பொறுப்பு, விற்பனை தம்பி பொறுப்பு. அந்தக் கோடையில் பழைய ஒயின் அறுவடைக்கு முன்பே தீர்ந்துபோகும் போல இருந்தது. வாடிக்கைக்காரர்களை வெறுங்கையோடு அனுப்ப நெரீனோவுக்கு மனசு வரவில்லை. அண்ணன் தோட்டத்தில் இருந்த நாளாகப் பார்த்து, தெற்கிலிருந்து லாரியில் வந்த கெட்டி ஒயினை வாங்கி, முன்வரிசைப் பீப்பாய்களில் கலந்துவிட்டான். வீட்டுக்கு மட்டும் நல்லதை மூலைப் பீப்பாயில் தனியாக விட்டு வைத்தான். திருடனுக்கும் பந்தியில் ஒரு நேர்மை.

இதெல்லாம் ஜெல்மீனாவுக்குத் தெரியாது. அறுவடை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூலைப் பீப்பாயை மறைத்துக் காலித் திராட்சைக் கூடைகள் அடுக்கியிருந்தன. அவள் கைக்கு எட்டிய பீப்பாயில் கூஜாவை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

கோப்பையில் குடித்திருந்தால் லியார்கோ கண்டுபிடித்திருக்க மாட்டானோ என்னவோ. ஆனால் அந்தச் சமவெளியில் ஆண்கள் சூப்பில் ஒயினை ஊற்றிக் குடிப்பார்கள். கொதிக்கிற கறிச் சாறு, அதில் மிதக்கிற இறைச்சி அடைத்த மாவுத் தொப்பிகள், மேலே ஒரு ஊற்று லம்ப்ரூஸ்கோ. லியார்கோ கூஜாவைக் கிண்ணத்தின் மேல் சாய்த்தான்.

நெரீனோ அப்போதுதான் கூஜாவைப் பார்த்தான். ஒயினில் நுரையே இல்லை. சட்டென்று பாதி எழுந்து, "அண்ணே, இன்னிக்கு சாறு அப்படியே நல்லாருக்கு. ஊத்தாதே" என்றான்.

அந்த மேஜையில் யாரும் யாரிடமும் ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது. லியார்கோ தம்பியைப் பார்த்துக்கொண்டே ஊற்றினான். சூட்டில் வாசனை எழும்பியது. வெயிலில் கருகிய பழத்தின் வாசனை, தெற்கத்தி வாசனை.

"இது நம்ம வீட்டு ஒயின் இல்லை."

"கொஞ்சம்தான் கலந்தேன் அண்ணே. கேட்டு வந்தவனுக்கு இல்லேன்னு சொல்லச் சொல்றியா?"

"கொஞ்சமா? நம்ம பேர்ல கொஞ்சமா?"

"பேரு! பேரைக் கிண்ணத்துல ஊத்திக் குடி!"

கிண்ணம் நெரீனோவின் முகத்தில் பட்டது. கொதிக்கும் சாறு கன்னத்திலும் கழுத்திலும் வழிந்தது. அவன் அலறிக்கொண்டே கூஜாவை எடுத்து அண்ணன் தலையில் உடைத்தான். லியார்கோ நெற்றியில் ரத்தம் ஒழுக மேஜையைத் தள்ளிக் கவிழ்த்தான். ஜெல்மீனா நடுவில் போனாள். யாருடைய முழங்கையோ அவள் வாயில் இடித்தது. ஒரு பல் ஆடியது. இருவரில் ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடித்துக்கொண்டே முற்றம் தாண்டிக் கிடங்குக்குள் போனார்கள். ஜெல்மீனாவும் பின்னால் ஓடினாள். உள்ளே புதுத் திராட்சை பெரிய மரத்தொட்டியில் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷத்து மகசூல் முழுவதும் அந்த ஒரு தொட்டிதான். நெரீனோ ஏணியில் தடதடவென்று ஏறி, தொட்டியின் விளிம்பில் நின்று, கால்சட்டைப் பித்தானில் கை வைத்தான்.

"கலப்படம்னா என்னன்னு இப்பக் காட்டறேன் பாரு. இதையும் பாட்டில்ல அடைச்சு உன் பேரை ஒட்டு!"

திராட்சைத் தோலை அமுக்குகிற நீளக் கழி சுவரில் சாய்த்திருந்தது. லியார்கோ அதை எடுத்து ஓங்கி அவன் முழங்காலில் அடித்தான். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. நெரீனோ பின்னால் சாய்ந்து தொட்டிக்குள் விழுந்தான்.

அதன் பிறகு சத்தமே இல்லை. திட்டவில்லை, கத்தவில்லை, கை கால் அடிக்கவில்லை. அந்த மௌனத்தின் அர்த்தம் மூன்று பேருக்கும் தெரியும். உள்ளே கிடந்தவனுக்கும் ஒரு மூச்சு நேரம் தெரிந்திருக்கும். நுரைக்கிற தொட்டியின் மேல் நிற்பது காற்று அல்ல, புளிப்பில் எழுகிற நச்சு வாயு; சாவு. மெழுகுவத்தியை இறக்கி, அணையாமல் எரிகிறதா என்று பார்க்காமல் அங்கே யாரும் தலை நீட்ட மாட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையில் அப்பன் விழுந்தான், தூக்கப் போன மகன் விழுந்தான், மகனைத் தூக்கப் போன மாமனும் விழுந்தான். ஒரே நாளில் மூன்று சவப்பெட்டி.

"நெரீனோ!" லியார்கோ ஏணியில் பாய்ந்தான். ஜெல்மீனா அவன் இரண்டு காலையும் கட்டிப் பிடித்து இழுத்தாள். அவன் உதைத்தான். அவள் மார்பில் உதை விழுந்தது, பிடியை விடவில்லை. இருவரும் சேர்ந்து தரையில் விழுந்தார்கள்.

"நீயும் போனா ரெண்டு பொணம்! தொட்டியை உடைக்கணும்!"

விறகுக் குவியலில் கோடாலி குத்தி நின்றது. அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு திரும்பியபோது லியார்கோ எழுந்து தொட்டிக்கு முன்னால் நின்றான். இரண்டு கையையும் விரித்திருந்தான்.

"இரு, ஜெல்மீனா. கயிறு எடுப்போம். கொக்கி இருக்கு. இரு."

"தள்ளு."

"வருஷம் முழுக்க இதுதான்டி. இது போனா நமக்கு ஒண்ணுமே இல்லை."

அவன் சொல்லி முடிக்கவில்லை. அவள் கோடாலியின் பின்பக்கத்தால் அவன் தோளில் அடித்தாள். புருஷன்மேல் அதுவரை ஒரு விரல்கூட வைக்காதவள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவன் ஓரமாகச் சரிந்தான். அவள் அவனைத் தாண்டிப் போய், தொட்டியைச் சுற்றி இறுக்கிய அடி இரும்புப் பட்டையில் ஆணி அடித்த இடத்தைப் பார்த்து வெட்டினாள். ஒன்று, இரண்டு, கை மரத்துப்போகும்வரை. பட்டை தெறித்தது. அடுத்த பட்டையையும் வெட்டினாள். பலகைகள் முனகின, பிறகு ஒரேயடியாக விரிந்தன.

ஒயின் சுவர் போல வந்து அவளை அடித்துத் தள்ளியது. கிடங்கு முழுவதும் சிவந்தது. வாசலைத் தாண்டி ஒயின் முற்றத்தில் ஓட, கோழிகள் சிதறின. தோலும் விதையும் நுரையுமாக வந்த குவியலுக்குள் ஒரு கால் தெரிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலைப் பற்றி நெரீனோவை முற்றத்துக்கு இழுத்து வந்தாள். முகம் நீலமாக இருந்தது. குப்புறப் போட்டு முதுகில் குத்தினாள். "மூச்சு விடுடா, நாயே! மூச்சு விடு!" அழுதுகொண்டே குத்தினாள். கடைசியில் அவன் உடம்பு துள்ளியது. இருமினான். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒயின் கொட்டியது. பிறகு குழந்தை மாதிரி ஒரு சத்தத்தோடு காற்றை உள்ளே இழுத்தான்.

லியார்கோ ஒரு கை தொங்க, முழங்காலால் தவழ்ந்து வந்தான். தம்பியின் காலில் நெற்றியை வைத்து வாய்விட்டு அழுதான். "என் தம்பி, என் உசிரே, என்னை மன்னிச்சுடுடா." அது பொய்யழுகை இல்லை. ஜெல்மீனாவுக்கு அது தெரியும். அதனால்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"லியார்கோ," என்றாள். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. "உள்ளே நான் விழுந்திருந்தா?"

அவன் தலை நிமிர்த்தினான்.

"நான் விழுந்து, இவன் கோடாலி எடுத்திருந்தா, நீ தள்ளி நின்னிருப்பியா?"

லியார்கோ வாயைத் திறந்தான். அவன் கண் அவளைத் தாண்டி, முற்றத்து மண் உறிஞ்சிக்கொண்டிருந்த சிவப்பின் மேல் ஒருமுறை போய்விட்டு வந்தது.

"நீ எதுக்குடி ஏணியில ஏறப் போறே?" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். குனிந்து நெரீனோவின் அக்குளில் கை கொடுத்து அவனைத் தூக்கி நிறுத்தினாள்.

"நடக்க முடியுமா?"

"எங்கே, அண்ணி?" அவன் பல் கிடுகிடுத்தது.

"தெரியாது. இந்த வீட்டுல இல்லை."